இணையத் தளங்களைப் படியெடுத்தலும் இடைநிற்கும் பதிலாளும்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழிக்குக் கார்த்திகைத் திங்களிற் செல்வார் காணும் காட்சி வேறு. வைகாசித் திங்களிற் செல்வார் காணும் காட்சி வேறு. முன்னவர் கண்மாய்களில் நீர் தளும்பக் காண்பர். பின்னவர் அக்கண்மாய்களின் உள்வாயில் ஆடு மேயக் காண்பர். குண்டாறும் ஆண்டிற் பல திங்கள் மணலாகவே கிடக்கும். மழை பெய்யுஞ் சின்னாளில் வருவதைத் தேக்கிவைத்துப் பெய்யாத பன்னாளுக்கும் பயன்கொள்ளுதலே இவ்வானம் பார்த்த பூமியில் வாழ்வார் பெற்ற முதற் கல்வியாகும். இன்று வருவது என்றும் வரும் என்று வாளாவிருப்பவன் இந்நாட்டிற் குடித்தனம் நடத்துதல் அரிது.

இணையத்திலே காணப்படும் நூல்களும் கட்டுரைகளும் படங்களும் என்றும் அங்கேயே இருக்கும் என்று நம் மாணவர் பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது உண்மையன்று. தளத்தை நடத்துவோர் பொருளின்றி அதனைக் கைவிடலாம். பெயருரிமைக்குரிய கட்டணத்தைச் செலுத்தத் தவறலாம். இடமளித்த நிறுவனமே தன் கடையை மூடிவிடலாம். பொதுமக்கள் கட்டணமின்றித் தளம் அமைத்துக்கொள்ள இடந்தந்த ஜியோசிட்டீஸ் என்னும் அமெரிக்க நிலையம் 2009-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மூடப்பட்டபோது, தன்னார்வலர் விரைந்து படியெடுத்துக் காத்தவை நீங்கலாக, எண்ணிறந்த பக்கங்கள் மறைந்தொழிந்தன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்னெழுத்தில் ஆக்கி உலகினர்க்கு விலையின்றி வழங்கியது. 2005-ஆம் ஆண்டில் எழுந்த நூலகம் என்னும் முயற்சி இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் திரட்டித் தந்தது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட வரலாற்றை அறிந்தோர், ஓரிடத்தில் உள்ள ஒரு படியை நம்பியிருத்தல் எத்துணைப் பேதைமை என்பதை நன்குணர்வர். நூலகம் எரியுங்கால் ஊரார் புகையைக் காண்பர். தளம் மறையுங்கால் அதனைக் காண்பார் ஒருவருமிலர்.

ஆதலின், பொதுவுடைமையாகவோ உரியவர் இசைவுடனோ கிடைக்கும் தளங்களைப் படியெடுத்துப் பல இடங்களிற் சேமித்தல் நற்செயலாம். அதிலும், இணைப்புத் தளர்ந்த சிற்றூர்களினின்று வந்து பயிலும் மாணவர்க்கு, இணைப்பின்றியே நூல்நிலையத்திற் படிக்கத்தக்க படி ஒன்று இருப்பின் அதன் பயன் சொல்ல வேண்டுவதில்லை. இக்கட்டுரையில், அவ்வாறு படியெடுக்கும் மென்பொருள் தனக்குத் தெரியாத பாதுகாப்பு இணைப்பை ஒரு பதிலாளின் துணையாற் பெறுமாற்றையும், அத்துணையில் மறைந்திருக்கும் இடரையும் எம்மால் இயன்ற அளவு எளிதில் விளக்கப் புகுகின்றோம்.

படியெடுக்கும் மென்பொருள்

படியெடுக்கும் மென்பொருள் செய்யும் வேலை பெரிய மந்திரமன்று. தளத்தின் முதற் பக்கத்தைக் கேட்டு வாங்குகிறது. அதிலுள்ள சுட்டிகள் அனைத்தையும் குறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுட்டியையும் பின்பற்றி அடுத்தடுத்த பக்கங்களையும் படங்களையும் வாங்குகிறது. ஈற்றில், அச்சுட்டிகளை நம் வட்டிலுள்ள கோப்புகளையே காட்டும்படி மாற்றி எழுதிவிடுகிறது. 1996-ஆம் ஆண்டிற் குரோவேஷிய நாட்டு ஹர்வொயே நிக்ஷிச் என்பார் வெளியிட்ட டபிள்யூகெட் என்பதும், 1998-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டுச் சேவியர் ரோஷ் என்பார் தொடங்கிய ஹெச்டிடிராக் என்பதும் இவ்வகையிற் பெயர்பெற்றவை.

எம்மிடமும் இத்தகைய பழைய மென்பொருள் ஒன்று இருந்தது. அதனைச் செய்தவர் திருத்தங்கள் வெளியிடுவதை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆயின. எனினும், எம் அட்டவணையும் அடைவு முறையும் அதனையே அடிப்படையாகக் கொண்டிருந்தமையின், யாம் அதனை விடாது வழங்கிவந்தோம். ஒருகால், தமிழ் நூல்கள் நிறைந்த தளமொன்றை அதனைக் கொண்டு புதிதாகப் படியெடுத்து, கோப்புகளின் பெயர்கள் ஒழுங்காக இருத்தல் கண்டு மகிழ்ந்து, பழைய படியை நீக்கியும் விட்டோம். சில வாரங்களின் பின்னர் மாணவர் ஒருவர் ஒரு நூலைத் திறந்தார். உள்ளே நூல் இல்லை. ‘இப்பக்கம் இடம் மாறியது’ என்னும் ஒரு வரியே இருந்தது. அடுத்த கோப்பைத் திறந்தார்; அதிலும் அவ்வொரு வரியே. கரை உயர்ந்து மடைகள் செவ்வனே அமைந்திருந்தும் உள்ளே ஒரு சொட்டு நீரும் இல்லாத கண்மாயை யாம் கட்டி வைத்திருந்தோம்! படியெடுத்ததைத் திறந்து பாராத எம் சோம்பலே முதற் பிழை. அப்பிழைக்கு வாய்ப்பளித்த காரணத்தை ஆராய்ந்தபோது கண்டவற்றையே இனிக் கூறுகின்றோம்.

அஞ்சலட்டையும் முத்திரை உறையும்

இணையத் தளங்கள் தோன்றிய காலத்தில் வழங்கிய எச்.டி.டி.பி. என்னும் நெறி அஞ்சலட்டையைப் போன்றது. வழியில் அதனைக் கையாளுவார் யாவரும் படிக்கலாம். வேண்டுமாயின் ஒரு சொல்லை அடித்து வேறு சொல்லை எழுதவும் செய்யலாம். இக்குறையைப் போக்க நெட்ஸ்கேப் நிறுவனத்தார் 1995-ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எல். என்னும் முறையை வெளியிட்டனர். அதுவே திருத்தம் பெற்று 1999-ஆம் ஆண்டில் டி.எல்.எஸ். எனப் பெயர் மாறியது. இம்முறையின்மேல் நடக்கும் இணைப்பே எச்.டி.டி.பி.எஸ். எனப்படுவது. இஃது அரக்கு முத்திரையிட்ட உறையை ஒத்தது. இதனால் விளையும் பயன் மூன்று: இடையிலுள்ளார் படித்தல் இயலாது, படியாமலே மாற்றினும் மாற்றம் வெளிப்பட்டுவிடும், எதிரிலிருப்பவர் தாம் கூறும் பெயருக்கு உரியவரே என்பது சான்றிதழால் உறுதிப்படும். முன்னை நெறி 80-ஆம் எண் வாயிலிலும், பின்னையது 443-ஆம் எண் வாயிலிலும் வழங்குதல் மரபு.

நெடுங்காலம் வரையில் வங்கிகளும் வாணிகத் தளங்களுமே முத்திரை உறையை வழங்கின. நூல்தளங்கள் அஞ்சலட்டையோடு அமைந்திருந்தன. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாதுகாப்பு இணைப்புடைய தளங்கட்குத் தேடல் வரிசையிற் சிறிது முன்னுரிமை தரப்படும் எனக் கூகிள் நிறுவனத்தார் அறிவித்தனர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் அமைப்பு விலையில்லாச் சான்றிதழ்களைப் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கிற்று. 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் குரோம் உலாவி, எச்.டி.டி.பி. தளங்கள் அனைத்தையும் ‘பாதுகாப்பற்றவை’ என்று முகத்திலேயே குறித்துக் காட்டியது. இவற்றின் பயனாகத் தளங்கள் ஒவ்வொன்றாகப் புதிய நெறிக்குக் குடிபெயர்ந்தன. பழைய வாயிலிற் சென்று கேட்பார்க்கு, ‘இடம் மாறியது; அங்கே செல்க’ என்னும் ஒரு வரியே விடையாயிற்று. எம் மென்பொருளோ புதிய வாயிலின் மொழியை அறியாது. ஆகவே, கிடைத்த ஒரு வரியையே நூலெனக் கருதிச் சேமித்துவிட்டது.

பாதுகாப்பு நெறியை ஓரளவு அறிந்த பழைய மென்பொருள்களுக்கும் இடர் நேர்ந்தது. எஸ்.எஸ்.எல். மூன்றாம் பதிப்பு 2015-ஆம் ஆண்டிலும், டி.எல்.எஸ். நெறியின் முதலிரு பதிப்புகள் 2021-ஆம் ஆண்டிலும் வழக்கினின்று முறைப்படி விலக்கப்பட்டன. பழைய பதிப்பையன்றி வேறறியாத மென்பொருளுக்குப் புதிய தளங்கள் கதவைத் திறவா.

இந்நிலையிற் செய்யத்தக்கது யாது? மென்பொருளின் புதிய பதிப்புப் பாதுகாப்பு இணைப்பை அறியுமாயின் அதனையே கொள்க; அதுவே நேர்வழி. டபிள்யூகெட் 2001-ஆம் ஆண்டிலேயே அவ்வறிவைப் பெற்றுவிட்டது; ஹெச்டிடிராக்கின் பிந்திய பதிப்புகளும் அதனைப் பெற்றன. திருத்துவார் இன்றிக் கைவிடப்பட்ட மென்பொருளை விட இயலாதார்க்கே பதிலாளின் துணை வேண்டப்படும்.

பதிலாள் செய்யும் பணி

முற்காலத்தில் எழுத்தறியாத தாய்மார், இரங்கூனிலோ கொழும்பிலோ இருந்த தம் மக்களுக்குச் செய்தி விடுக்க வேண்டின், எழுத்தறிந்த ஒருவரை நாடுவர். தாய் வாய்மொழியாகக் கூறுவாள்; அவர் எழுதி ஒட்டி அனுப்புவார். மறுமொழி வரின் உறையைப் பிரித்துப் படித்துக் காட்டுவார். தாய் எழுத்துக் கற்கவில்லை; எனினும் கடிதப் போக்குவரத்து நடைபெற்றது. கணிப்பொறி உலகில் இவ்வெழுத்தரை ஒத்தவரே பிராக்சி எனப்படும் பதிலாள். இக்கருத்துப் புதியதன்று. 1994-ஆம் ஆண்டில், ஜெனீவா நகரத்துச் செர்ன் ஆய்வுநிலையத்திற் பதிலாட்களை வகுத்த அரி லுவோட்டனென் முதலியோர், உலாவி தான் அறியாத நெறிகளையும் பதிலாள் வாயிலாக அடையலாம் என்பதை அப்பொழுதே எடுத்துக்காட்டினர்.

எல்லாப் பதிலாட்களும் இவ்வேலைக்கு ஆகமாட்டா என்பதை மாணவர் மனத்திற் கொள்ள வேண்டும். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் வழங்கும் சாதாரணப் பதிலாள், முத்திரையிட்ட உறையைத் திறவாமலே கைமாற்றி விடும் தபாற்காரரைப் போன்றது. அனுப்புவார்க்கு முத்திரையிடத் தெரிந்திருந்தாலன்றி அதனாற் பயனில்லை. நமக்கு வேண்டுவது, தானே முத்திரையிடவும் பிரிக்கவும் வல்ல பதிலாள்.

அதன் செயல்முறை வருமாறு. படியெடுக்கும் மென்பொருளின் அமைப்பில், எல்லா வேண்டுகோளையும் இன்ன வாயிலிலுள்ள பதிலாளிடம் கொடுக்க என்று குறித்துவிடுகிறோம். மென்பொருள் தனக்குத் தெரிந்த பழைய நெறியில் ஒரு பக்கத்தைக் கேட்கிறது. பதிலாள் அதனை ஏற்று, உரிய தளத்தின் 443-ஆம் வாயிலுக்குச் சென்று, இக்காலத்துக்குரிய டி.எல்.எஸ். நெறியிற் கைகோத்து, சான்றிதழை ஆராய்ந்து, பக்கத்தை வாங்கி, மறையை நீக்கித் தெளிந்த எழுத்தில் மென்பொருளிடம் தருகிறது. மென்பொருளுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது.

இவ்வளவோடு வேலை முடிந்துவிடாது. மூன்று முடிச்சுகள் உள. முதலாவது, வந்த பக்கத்தில் உள்ள சுட்டிகள் எச்.டி.டி.பி.எஸ். என்றே தொடங்கும், மென்பொருள் அவற்றை அறியாது விட்டுவிடும். ஆதலின் பதிலாள் அச்சுட்டிகளின் தலைப்பைப் பழைய நெறியாக மாற்றி எழுதித் தரல் வேண்டும். இரண்டாவது, ‘இடம் மாறியது’ என்னும் விடையில் உள்ள முகவரியையும் அவ்வாறே கையாள வேண்டும். பதிலாள் தானே அப்புதிய இடத்துக்குச் செல்லாது விடையை மாற்றி மட்டும் தருமாயின், மென்பொருள் செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். மூன்றாவது, தளங்கள் பக்கங்களைச் சுருக்கி அனுப்புதல் உண்டு. சுருங்கியிருப்பதைத் திருத்தல் ஆகாது. எனவே, சுருக்காது அனுப்புக என்று கேட்டல் வேண்டும். அன்றி, விரித்துத் திருத்தல் வேண்டும். திருத்தியபின் பக்கத்தின் நீளம் மாறுமாதலால், முன்னுரையில் உள்ள நீளக் குறிப்பையும் மாற்றாவிடின் பக்கம் இடையில் முறியும்.

1998-ஆம் ஆண்டிற் போலந்து நாட்டு மிகால் டிரோய்நாரா வெளியிட்ட எஸ்டனல் என்பது முத்திரையிடும் வேலையை மட்டும் செய்வது. கடிதத்தின் உள்ளே கைவையாது. ஒரே தளத்தைப் படியெடுக்க, அத்தளத்தின் சுட்டிகளும் முழுமுகவரியின்றிச் சுருக்கமாக இருப்பின், ஒருவாறு அது பயன்படலாம். அங்கும் ஒரு தடை உண்டு. மென்பொருள் தன் கணிப்பொறியையே தளமாகக் கருதி அப்பெயரைச் சொல்லிக் கேட்கும். ஒரு கட்டடத்திற் பல குடிகள் இருப்பது போல ஒரு கணிப்பொறியிற் பல தளங்கள் இருக்குமிடத்து, எக்குடியைக் கேட்கிறது என்பது விளங்காது. 2010-ஆம் ஆண்டில் ஆல்டோ கொர்ட்டேசி என்பார் தொடங்கிய மிட்ம்பிராக்சி போன்ற கருவிகள், சிறு நிரல் எழுதி இணைத்தால், மேற்கூறிய திருத்தங்களையும் செய்யவல்லன.

நம்பிக்கை எங்கே முடிகிறது

இனி இவ்விஷயத்தின் உயிர்நிலைக்கு வருகின்றோம். கடிதம் எழுதித் தரும் பெரியவர் தாயின் மறைமொழிகளையெல்லாம் அறிவார். மகன் எழுதியதை மாற்றிப் படித்தாலும் தாய் அறியாள். அவருடைய நேர்மை ஒன்றே அவளுக்குக் காவல். பதிலாளும் அத்தகையதே. முத்திரை, தளத்திற்கும் பதிலாளுக்கும் இடையில் மட்டுமே உண்டு. பதிலாளுக்கும் மென்பொருளுக்கும் இடையில் மீண்டும் அஞ்சலட்டைதான். பாதுகாப்பைச் சேர்த்துவிட்டோம் என்று மகிழும் மாணவர், உண்மையிற் பாதுகாப்பின் எல்லையை ஓரிடத்தில் நட்டிருக்கிறார், அவ்வளவே. எல்லைக்கல் எங்கே உள்ளது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இஃது அறியாமையால் விளைந்த கேட்டிற்குச் சான்றுகள் உண்டு. லெனோவோ நிறுவனத்தார் 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்ற சில மடிக்கணினிகளிற் சூப்பர்ஃபிஷ் என்னும் மென்பொருளை முன்னரே நிறுவியிருந்தனர். அது கணிப்பொறிக்குள்ளேயே பதிலாளாக அமர்ந்து, பாதுகாப்பு இணைப்புகளையும் பிரித்து, பக்கங்களில் விளம்பரங்களைச் செருகியது. அதற்கெனச் சேர்க்கப்பட்ட சான்றின் மறைத்திறவு எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தது. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அத்திறவை ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். அது கைவந்த எவரும் அக்கணினிகளின் உரிமையாளர்முன் எத்தளத்தின் வேடத்தையும் புனைந்து நிற்றல் கூடுமாயிற்று.

சான்றிதழ் வழங்குவோரிடத்தும் பிழை நேர்தல் உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உளது. 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாள், கூகிள் நிறுவனத்தின் பெயர்களுக்கு அந்நிறுவனத்தின் இசைவின்றிச் சான்றிதழ்கள் வெளிவந்திருத்தல் கண்டுபிடிக்கப்பட்டது. அவை நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்பு நிலையத்தினின்று போந்தவை. மறுநாளே, சான்றளிப்போரைக் கண்காணிக்கும் இந்திய அதிகாரியார் அம்மையத்தின் இடைநிலைச் சான்றுகள் அனைத்தையும் நீக்கினர். இத்தகைய சான்றிதழ்களை மறுக்க உலாவிகள் விழிப்பாயிருத்தல் வேண்டும். விழிப்பில்லாத பதிலாளை நடுவில் வைத்திருப்பார்க்கு உலாவியின் விழிப்பால் யாது பயன்?

எம் அனுபவமும் இங்கே கூறத்தக்கது. யாம் முதன்முதல் அமைத்த பதிலாள், சான்றிதழைச் சோதிக்காமலே எல்லாரையும் உள்ளே விட்டது. பக்கங்கள் குறைவின்றி வந்தமையால் எமக்கு ஐயமே எழவில்லை. சோதனைக்கெனவே காலங்கடந்த சான்றிதழும் பெயர் பொருந்தாத சான்றிதழும் வைத்திருக்கும் பேட்எஸ்எஸ்எல் என்னும் தளத்தை ஒருநாள் அதன் வாயிலாகக் கேட்டோம். மறுக்க வேண்டிய பக்கங்களை அது முகமலர்ந்து வாங்கி வந்தது! எஸ்டனல் முதலிய கருவிகளிலும், சோதிக்க எனத் தெளிவாகக் கட்டளையிட்டாலன்றிச் சான்றிதழ் சோதிக்கப்படாது. வேலை நடக்கிறது என்பது வேறு. ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு.

மாணவர் கடைப்பிடிக்க வேண்டுவன

மேற்கூறியவற்றால் அறியத்தக்க விதிகள் சில. பதிலாள் நம் கணிப்பொறிக்குள்ளேயே, 127.0.0.1 என்னும் உள்முகவரியில் மட்டும் செவிசாய்த்தல் வேண்டும். வெளியாருக்குத் திறந்து வைத்தல் வழிப்போக்கனிடம் வீட்டுத் திறவுகோலைக் கொடுத்தலை ஒக்கும். அயலார் நடத்தும் இலவசப் பதிலாளை இவ்வேலைக்குக் கொள்ளற்க. சான்றிதழின் பெயர், காலம், வழிமூலம் ஆகிய மூன்றையும் சோதிக்குமாறு அமைத்து, தவறான சான்றிதழை அது மறுத்தலைக் கண்ணாற் கண்டபின்னரே நம்புக. மூலச் சான்றுகளின் தொகுதியைப் புதுப்பித்து வருக. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஒரு மூலச் சான்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, நல்ல தளங்களையும் ஏற்க மறுத்தன. அத்தகைய மறுப்பைக் கண்டு சோதனையையே நிறுத்திவிடுதல், நாய் குரைக்கிறதென்று அதனை அவிழ்த்து விரட்டிவிட்டுத் தூங்குவதாகும். கடவுச்சொல் வேண்டும் பக்கங்களையும் தனியார் செய்திகளையும் இவ்வழியே ஒருபோதும் படியெடுத்தல் ஆகாது. வேலை முடிந்ததும் பதிலாளை நிறுத்துக. வேறு காரணத்தால் உள்ளூர்ச் சான்று ஏதேனும் நிறுவியிருப்பின் அதனையும் நீக்குக.

படியெடுக்கப்படும் தளத்தாரிடத்தும் நமக்குக் கடமையுண்டு. 1994-ஆம் ஆண்டு முதல் வழங்கும் ரோபாட்ஸ் கோப்பில் அவர் விலக்கியுள்ள பகுதிகளில் நுழைதல் முறையன்று. ஒரே நொடியிற் பல பக்கங்களைக் கேட்டு அவர் கணிப்பொறியை வருத்துதலும் முறையன்று. ஒரு வேண்டுகோளுக்கும் அடுத்ததற்கும் இடையிற் சிறிது பொழுது விடுக.

இறுதியாக ஒன்று. முத்திரை உறை வழியிலுள்ள காவலேயன்றி வீட்டிலுள்ள காவலன்று. பக்கம் நம் வட்டில் அமர்ந்தபின் அஃது இன்ன தளத்தினின்று இவ்வாறே வந்தது என்பதற்கு அம்முத்திரை சான்றாகாது. பதிலாள் சுட்டிகளைத் திருத்தியுமிருக்கிறது. ஆதலின், படியெடுத்த நாள், முகவரி, செய்த திருத்தம் ஆகியவற்றை எழுதி வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ. 256 என்னும் கணக்கினால் எண் பதிந்து வைத்தல் நன்று. பின்னர் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிக் காட்டும். பத்துக் கோப்புகளையேனும் திறந்து படித்துப் பார்த்தபின்னரே பழைய படியை நீக்குக. இதனை யாம் இழந்து கற்றோம்.

நம் கண்மாய்ப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி என்பார் ஒருவர் உளர். வயலுக்குரியார் ஒவ்வொருவரும் தாமே மடையைத் திறவார். நீர்ப்பாய்ச்சியே திறந்து வயல்தோறும் முறைப்படி நீர் விடுவார். அவரை ஊரார் அறிவர். அவர் செய்வது பட்டப்பகலில், எல்லாரும் காணக் கரைமேல் நின்று செய்யும் வேலை. அதனாலேயே அவர்பால் நம்பிக்கை நிலைபெறுகிறது. பதிலாளை நடுவில் வைக்கும் மாணவரும் அதனைத் தாம் அறிந்ததாகவும், தம் கண்முன் நிற்பதாகவும், சோதனைக்கு உட்பட்டதாகவும் வைத்துக்கொள்வாராக. அங்ஙனம் செய்யின், பழைய மென்பொருளும் புதிய தளத்தின் நீரை நம் கண்மாய்க்குக் கொணரும். வறண்ட நாளில் வருவார்க்கு நூல் என்று திறந்த இடத்தில் நூலே கிடைக்கும்.